முதல் டிங்கி: வாசகர் கேள்வி – பதில்

சிறிய பாய்மர டிங்கி வாங்கிப் பழக நினைப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: என் எடை 68 கிலோ. நன்றாக நீந்துவேன், ஆனால் பாய்மரப் படகில் ஏறியதே இல்லை. தனியாக ஓட்டும் டிங்கி வாங்க ஆசை. எது சரிவரும்?

ப: நீளம், வேகம் எல்லாம் அப்புறம். முதலில் பாயின் பரப்பையும் உங்கள் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய படகுகளைப் போல டிங்கிக்கு அடியில் கீல் என்ற கனமான அடிப்பலகை கிடையாது. காற்று சாய்க்கும்போது எதிர்ப்பக்கம் சாய்ந்து படகை நிமிர்த்தி வைப்பது ஓட்டுபவரின் உடம்புதான். எடைக்கு மிஞ்சிய பாய் இருந்தால் கற்றுக்கொள்ள வேண்டிய நேரமெல்லாம் கவிழாமல் சமாளிப்பதிலேயே போய்விடும்.

லேசர் என்று உலகமெங்கும் அறியப்பட்டு இப்போது இல்கா என்ற பெயரில் ஓடும் படகை எடுத்துக்கொள்ளுங்கள். புரூஸ் கிர்பி வடிவமைத்தது. நீளம் சுமார் 4.2 மீட்டர், படகின் வெறும் உடலான ஹல் 59 கிலோ. அதே ஹல்லில் மூன்று அளவுப் பாய்களைப் பூட்டலாம்: இல்கா 4 என்றால் 4.7 சதுர மீட்டர், இல்கா 6 என்றால் 5.76, இல்கா 7 என்றால் 7.06. பாய்மரத்தின் மேல் துண்டும், பாயின் அடிவிளிம்பை ஒட்டிக் கிடையாக நிற்கும் பூம் என்ற கம்பும் மூன்றுக்கும் பொது. கீழ்த் துண்டும் பாயும்தான் மாறும். உங்கள் எடைக்கு இல்கா 6 பொருத்தம். கடைசியில் 7-க்குப் போக நினைத்தால்கூட 6-இல் தொடங்குங்கள். ஹல்லை மாற்ற வேண்டியதில்லை என்பதால் எதுவும் வீணாகாது.

ஒரு எச்சரிக்கை. இல்காவின் அடிப்பாகம் உருண்டையாக இருக்கும், பூம் தாழ்வாக ஓடும். முதல் சில தடவை ஆட்டம் காட்டும், தலையைத் தாழ்த்த மறந்தால் பூம் இடிக்கும். இன்னும் சாதுவான படகு வேண்டுமென்றால் சன்ஃபிஷ் பார்க்கலாம். ஏறக்குறைய அதே நீளம், பாயைப் பூட்டுவது மிக எளிது. 55 கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டாப்பர் அருமையான படகு: 3.4 மீட்டர், 43 கிலோ, பாய் 5.2 சதுர மீட்டர்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. நீங்கள் ஓட்டப்போகும் நீர்நிலையில் ஏற்கெனவே பத்துப் பேர் ஒரு வகைப் படகை ஓட்டுகிறார்கள் என்றால் அதையே வாங்குங்கள். உதிரி பாகம் கிடைக்கும், பூட்டத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். அதே பாயோடு பக்கத்தில் ஓடும் படகு உங்களை முந்தும்போது, பாயை எப்படி வைத்திருக்கிறார் என்று பார்த்தே பாதி பாடம் படித்துவிடலாம்.

கே: கணவரும் நானும் சேர்ந்து ஓட்ட வேண்டும். எப்போதாவது மகளையும் ஏற்றிக்கொள்வோம். இரண்டு பேர் படகில் எதைப் பார்க்க வேண்டும்?

ப: அகலமும், உட்கார இடமும், கவிழ்ந்தால் தண்ணீர் சீக்கிரம் வடிகிறதா என்பதும். குடும்பத்தோடு போக வேஃபேரர் நெடுநாளாகப் பெயர் பெற்றது. இயன் பிராக்டர் 1957-இல் வடிவமைத்த இந்தப் படகு 4.82 மீட்டர் நீளம். மூன்று பேர் நிம்மதியாக உட்காரலாம், காற்று கூடினால் பாயைச் சுருக்கிக் கட்டவும் வசதி உண்டு. ஆனால் ஹல் மட்டுமே சுமார் 168 கிலோ. சரிவான மேடையில் ஒருவர் தனியாக இழுத்து ஏற்ற முடியாது, கவிழ்ந்தால் ஒருவராக நிமிர்த்துவதும் கடினம். எப்போதும் இரண்டு பேர் இருப்பீர்கள் என்பது உறுதியானால் மட்டும் வாங்குங்கள்.

சிறியதாக வேண்டுமென்றால் 1962-இல் வந்த மிரர்: 3.3 மீட்டர், 45 கிலோ சொச்சம். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் ஓட்ட இதைவிடப் பொருத்தமான படகு குறைவு. பெரியவர்கள் இரண்டு பேர் ஏறினால் நெருக்கும்.

பழைய இரண்டு பேர் படகுகளில் காற்றுப் பைகளை மறக்காமல் சோதியுங்கள். கவிழ்ந்த படகை மிதக்க வைப்பவை அவைதான். கெட்டியாக ஊதி ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் அழுத்திப் பாருங்கள். தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். பையைப் பிடித்திருக்கும் பட்டைகளையும் இழுத்துப் பாருங்கள். பை நன்றாக இருந்து பட்டை அறுந்தாலும் பயன் இல்லை.

கே: என் பையனுக்குப் பத்து வயது, 32 கிலோ. ஆப்டிமிஸ்ட் வாங்கச் சொல்கிறார்கள். பெட்டி மாதிரி இருக்கிறதே, ஓடுமா?

ப: ஓடும். கிளார்க் மில்ஸ் 1947-இல் பிள்ளைகளுக்காகவே வரைந்த படகு அது. நீளம் 2.3 மீட்டர் சொச்சம், ஹல் 35 கிலோ. தட்டையான அடிப்பாகம் இருப்பதால் எளிதில் கவிழாது. 15 வயது வரை அதில் போட்டிகள் நடக்கின்றன.

பூட்டும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். பாய்மரத்தைப் படகோடு பிணைக்கும் கயிறு அல்லது கிளாம்ப் கட்டாயம். அது இல்லாமல் படகு தலைகீழானால் பாய்மரம் கழன்று கீழே போய்விடும், போகும்போது அதன் குழியையும் உடைத்துவிடும். அடுத்து, பாயைப் பாய்மரத்தோடு கட்டும் சிறு கயிறுகள். பாய்க்கும் மரத்துக்கும் இடையே எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும், 10 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மூன்றாவது, பாயின் மேல்மூலையைத் தூக்கி நிறுத்தும் ஸ்பிரிட் என்ற கம்பு. அது தளர்ந்திருந்தால் பாய்மர உச்சியிலிருந்து பூமின் கோடி வரை குறுக்கே ஒரு மடிப்பு விழும். அதிகம் இறுக்கினால் மடிப்பு எதிர்த்திசையில், மேல்மூலையிலிருந்து பாய்மரத்தின் அடிக்கு விழும். இரண்டு மடிப்பும் மறையும் இடத்தில் கட்டுங்கள். காற்று மாறினால் மறுபடி பார்க்க வேண்டும். இந்த மடிப்புகளைப் பையனுக்கே காட்டிக் கொடுங்கள். பத்து வயதில் அதைக் கண்டுபிடிக்கும் கண் நன்றாகவே வரும்.

தண்ணீர் இறைக்க ஒரு வாளி, ஒரு துடுப்பு, படகின் முன்முனையான அணியத்தில் கட்டி இழுக்க ஒரு மிதக்கும் கயிறு. மூன்றையும் படகிலேயே கட்டி வையுங்கள்.

கே: ஃபைபர், பிளைவுட், பிளாஸ்டிக் – எது நல்லது?

ப: பழகுவதற்குப் பிளாஸ்டிக். கல்லில் உரசினாலும் மேடையில் இழுத்தாலும் தாங்கும். கொஞ்சம் கனம், ஆழமாகக் கீறினால் ஒட்டுப்போடுவது கடினம். ஃபைபர் இலகு, விறைப்பு அதிகம், வீட்டிலேயே பழுது பார்க்கலாம். பிளைவுட் அழகானது, ஆனால் ஆண்டுதோறும் வார்னிஷும் பெயிண்டும் கேட்கும். அந்த வேலை பிடித்தவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

கே: பழைய படகு ஒன்று விலைக்கு வருகிறது. பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. ஏமாறாமல் இருக்க எதைச் சோதிக்க வேண்டும்?

ப: பளபளப்பு ஒரு மணி நேர வேலை. அதை விட்டுவிட்டுப் படகின் எடையைப் போடுங்கள். குளியலறைத் தராசு இரண்டு போதும். அணியத்தின் கீழ் ஒன்று, பின்பக்கத்தின் கீழ் ஒன்று வைத்து, இரண்டு எண்களையும் கூட்டுங்கள். 59 கிலோ இருக்க வேண்டிய ஹல் 67, 68 காட்டினால் அந்தக் கூடுதல் எடை உள்ளே ஊறிக் கிடக்கும் தண்ணீர். வடிகால் திருகைக் கழற்றிச் சாய்த்து வெளியேறும் தண்ணீர் ஒரு வகை. அது சரிசெய்யக்கூடியது. உள்ளே இருக்கும் நுரைக்குள் ஊறியது அப்படி வராது. படகின் மேல்தளமான டெக்கில் ஓட்டை வெட்டி மூடி வைத்து, வாரக்கணக்கில் காற்றோட்டம் கொடுத்து உலர்த்த வேண்டும்.

அடுத்து டெக்கைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்துங்கள். ஓட்டுபவர் உட்காரும் ஓரம், அவர் கால் வைக்கும் பள்ளமான காக்பிட்டின் தரை, பாய்மரக் குழியைச் சுற்றியுள்ள இடம் இவை முக்கியம். அமுங்கினாலோ கரகரவென்று சத்தம் கேட்டாலோ உள்ளே இருக்கும் அடுக்கு பிரிந்துவிட்டது.

பாய்மரக் குழிதான் இல்கா போன்ற படகுகளின் உயிர்நிலை. பாய்மரத்தைத் தாங்கக் கம்பிகள் எதுவும் இல்லை, மொத்த விசையும் அந்தக் குழியில்தான் இறங்குகிறது. குழி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள், மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மட்டம் இறங்கியிருந்தால் குழியின் அடியில் ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் மணல் செய்த வேலை அது. குழிக்குள் மணலோடு பாய்மரம் சுழன்று சுழன்று அடியை அரைத்துவிடும்.

வேறு எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் போதும். வடிகால் துளையில் ஒரு குழாயைப் பொருத்தி வாயால் ஊதுங்கள். ஹல்லும் டெக்கும் சேரும் விளிம்பு, படகு பக்கவாட்டில் நகராமல் இருக்க அடியில் செருகும் டாகர்போர்டு என்ற பலகை நுழையும் பொந்து, திருகுகள் எல்லாவற்றிலும் நுரை தடவுங்கள். குமிழ் வரும் இடத்தில் ஒழுக்கு. வாயால் மட்டுமே ஊதுங்கள். கம்ப்ரஸர் வைத்தால் நல்ல விளிம்பும் பிளந்துவிடும்.

பாய்மரத் துண்டுகளைத் தரையில் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் தெரிந்துவிடும். ரிவெட் அடித்த துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவுங்கள். சுக்கான் மாட்டும் கொக்கிகளைப் பிடித்து ஆட்டுங்கள். பாயைக் கையில் கசக்கினால் மொடமொடவென்று சத்தம் கேட்க வேண்டும். பழைய வேட்டி போலத் துவண்டால் அதன் ஆயுள் முடிந்தது. இருந்தாலும் பழகுவதற்கு ஒரு பருவம் ஓட்டலாம்.

மெத்தென்ற டெக், ஒழுகும் பாய்மரக் குழி, ஊறிய ஹல் – இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பாய் கிழிந்திருப்பதற்கும் கயிறு நைந்திருப்பதற்கும் பயப்பட வேண்டாம். அவை எப்படியும் மாற்ற வேண்டியவை. விலையைக் குறைத்துக் கேட்க அவை நல்ல காரணம்.

கே: படகு வந்துவிட்டது. கயிறுகளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எந்த வரிசையில் பூட்டுவது?

ப: இல்கா வகைப் படகை வைத்துச் சொல்கிறோம். மற்றவற்றில் சில்லறை மாற்றங்கள் இருக்கும்.

பூட்டுவதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள். நிமிர்த்திய பாய்மரம் ஒரு மாடி உயரத்தைத் தாண்டும், அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். பூட்டும் இடத்திலும், அங்கிருந்து தண்ணீருக்குப் போகும் வழியிலும் மின்கம்பி இருக்கவே கூடாது. கார்பன் மரமும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை நினைவில் வையுங்கள்.

டிராலியில் இருக்கும் படகின் அணியத்தைக் காற்று வரும் திசைக்கு நேராகத் திருப்புங்கள். கடைசி வரை அப்படியே இருக்கட்டும். கையோடு வடிகால் திருகை இறுக்கிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுத் தண்ணீர் ஏறிய படகுகள் ஏராளம்.

பாய்மரத்தின் இரண்டு துண்டுகளும் சேரும் இடத்தைத் துடைத்துவிட்டுச் சேருங்கள். ஒரு சிட்டிகை மணல் போதும், மாலையில் பிரிக்க இரண்டு பேர் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பாயைத் தரையில் விரித்து, பாயை விறைப்பாக வைக்கும் பேட்டன் பட்டிகளை மெல்லிய முனை உள்ளே போகும்படி அதனதன் உறைகளில் செருகுங்கள். பாயின் முன்விளிம்பில் இருக்கும் நீண்ட உறைக்குள் பாய்மரத்தை நுழைத்து உச்சி வரை தள்ளுங்கள். குழியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, மரத்தைச் செங்குத்தாக நிறுத்தி நேராக இறக்குங்கள். சாய்த்து இறக்கினால் குழியின் வாய் பிளக்கும். காற்று இருந்தால் ஒருவர் பிடிக்க, ஒருவர் வழிகாட்டட்டும். பாய் கொடி போலக் காற்றில் பறக்கும், பறக்க விடுங்கள். மரம் கழன்று விழாமல் இருக்க ஒரு கயிற்றை இப்போதே கட்டுங்கள்.

பூமைப் பாய்மரத்தில் இருக்கும் ஊசியில் மாட்டுங்கள். பாயின் பின்மூலையை, அதைப் பூமின் கோடிக்கு இழுக்கும் அவுட்ஹால் கயிற்றில் இணைத்து, அதே மூலையைப் பூமோடு சேர்த்து ஒரு சுற்றுக் கட்டுங்கள். இந்தக் கட்டு தளர்வாக இருந்தால் மூலை பூமிலிருந்து மேலே எழும்பி நிற்கும். அப்புறம் அவுட்ஹாலை எவ்வளவு இழுத்தாலும் பாய் தட்டையாகாது. பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கிக்கரை மாட்டுங்கள், ஆனால் இப்போதைக்குத் தளர்வாக விடுங்கள். பாயின் முன்விளிம்பை இழுக்கும் கன்னிங்ஹாமையும் அப்படியே விடலாம்.

பாயை இழுக்கவும் விடவும் பயன்படும் மெயின்ஷீட் கயிறு பூமின் பின்கோடியில் கட்டித் தொடங்குகிறது. அங்கிருந்து இறங்கி, படகின் பின்பக்கம் குறுக்கே கட்டிய டிராவலர் கயிற்றில் ஓடும் கீழ்க் கப்பி, மேலேறிப் பூம் கோடியில் உள்ள கப்பி, பூமின் நெடுக முன்னே வந்து நடுக் கப்பி, கடைசியாகக் காக்பிட் தரையில் இருக்கும், ஒரு திசையில் மட்டும் சுழலும் ராட்செட் கப்பி. கோத்த பிறகு கயிற்றை உங்கள் பக்கம் இழுங்கள். ராட்செட் கப்பி டக் டக்கென்று சத்தம் போட வேண்டும். போடவில்லை என்றால் முதலில் அதன் பக்கத்தில் இருக்கும் பொத்தானைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் கயிற்றை எதிர்ப்பக்கமாகக் கோத்திருக்கிறீர்கள். கடைசி முனையில் ‘8’ வடிவ முடிச்சு ஒன்று போடுங்கள், முடிச்சுக்குப் பின்னால் ஒரு சாண் கயிறு மிஞ்சட்டும். மெயின்ஷீட்டை, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் எந்தக் க்ளீட்டிலும் மாட்டாதீர்கள். கரையிலேயே பாய் காற்றைப் பிடித்தால் டிராலியோடு படகு புரளும்.

சுக்கானை மாட்டியதும் அதன் பூட்டுக் கிளிப் விழுந்துவிட்டதா என்று சுக்கானை மேலே தூக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் கவிழும்போது சுக்கான் தனியே நீந்தப் போய்விடும். சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லர், டிராவலர் கயிற்றுக்கு அடியில் போக வேண்டும். புதியவர்கள் பாதிப் பேர் மேலே போட்டுவிடுவார்கள், தண்ணீரில் இறங்கியதும் திருப்பவே வராது. டாகர்போர்டைக் காக்பிட்டில் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். இடுப்பளவு தண்ணீர் வந்த பிறகு செருகலாம்.

முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

கே: கயிறுகளை மாற்றப் போகிறேன். எந்தத் தடிமன், எந்த வகை?

ப: மெயின்ஷீட்டுக்கு 7 அல்லது 8 மில்லிமீட்டர், மேலுறை மிருதுவான பாலியஸ்டர். 6 மில்லிமீட்டர் கப்பியில் வழுக்கி ஓடும், ஆனால் உள்ளங்கையை அறுக்கும். இல்காவுக்கு 13 முதல் 14 மீட்டர் நீளம் வேண்டும். குறைந்தால், காற்று பின்னாலிருந்து வரும்போது பாயை முழுதாக விட முடியாது. அவுட்ஹால், கன்னிங்ஹாம், கிக்கர் ஆகியவற்றுக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர், நீளாத வகை. இறுக்கிக் கட்ட வேண்டிய எந்த இடத்திலும் நைலான் வேண்டாம், நனைந்தால் இன்னும் நீளும். டிராவலரை நீளாத கயிற்றில் முறுக்காக வையுங்கள். அணியத்தில் கட்டும் இழுகயிறு மட்டும் மிதக்கும் வகையாக, படகின் நீளத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

அறுத்த முனைகளைத் தீயில் உருக்கி மூடுங்கள். இல்லாவிட்டால் பிரிந்த நார் கப்பியில் சிக்கும்.

கே: காற்று கொஞ்சம் கூடினாலே டில்லர் கையைப் பிய்த்துக்கொண்டு இழுக்கிறது. படகில் ஏதாவது கோளாறா?

ப: முதலில் சந்தேகப்பட வேண்டியது சுக்கானின் தட்டை, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் அதன் பலகை. அது முழுதாகக் கீழே இறங்காமல் கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் தண்ணீரின் விசை சுழல் அச்சிலிருந்து விலகிப் பின்னால் விழும். அந்த விலகல் கூடக்கூடக் கையில் பாரம் ஏறும். இறக்கும் கயிற்றை இழுத்து நன்றாக இறுக்குங்கள், தட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டையும் ஒரு சுற்று முறுக்குங்கள். பத்தில் ஏழு டில்லர் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அதுவும் சரி என்றால் படகு சாய்ந்து ஓடுகிறது. சாய்ந்த படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், நீங்கள் டில்லரை வைத்து அதோடு சண்டை போடுகிறீர்கள். மெயின்ஷீட்டை ஒரு முழம் விடுங்கள், கால் பட்டையில் காலை மாட்டி வெளியே சாய்ந்து உட்காருங்கள். படகு மட்டமானதும் டில்லர் இரண்டு விரலுக்கு அடங்கும். முன்னால் ஜிப் என்ற சிறு பாயும், பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகளும் உள்ள படகாக இருந்தால், பாய்மரம் அளவுக்கு மீறிப் பின்னால் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கே: பாய் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இறுக்கினால் நல்லது என்று நினைத்து எல்லாவற்றையும் இறுக்கி வைத்திருக்கிறேன்.

ப: இறுக்கியது தவறு. அளவுக்கு மீறி இழுத்த பாய் வெளியே தெரியும்படி எந்த அறிகுறியும் காட்டாது. படகு மெதுவாகப் போகும், பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான். அதனால் எப்போதும் தளர்ந்த பக்கத்திலிருந்து வாருங்கள். பாயின் முன்விளிம்பு படபடக்கும் வரை மெயின்ஷீட்டை விடுங்கள். படபடப்பு நிற்கும் இடம் வரை மட்டும் இழுங்கள். திசை மாறும்போதெல்லாம், காற்று மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பாயின் முன்விளிம்பிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் உள்ளே இருபக்கமும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டுங்கள். காற்றை எதிர்த்து ஓடும்போது இரண்டும் பின்னோக்கிப் படிந்து ஓட வேண்டும். உங்கள் பக்கத்து நூல் மேலே துள்ளினால் காற்றுக்குள் அதிகம் ஏறிவிட்டீர்கள், டில்லரை லேசாக உங்கள் பக்கம் இழுங்கள். மறுபக்கத்து நூல் துவண்டால் காற்றை நோக்கிக் கொஞ்சம் திருப்புங்கள்.

அவுட்ஹாலுக்கு ஒரு தோராய அளவு: மிதமான காற்றில் பூமின் நடுவில் பாய்க்கும் பூமுக்கும் இடையே ஒரு கை அகலம், விரல்களை விரித்தால் வரும் சாண் அளவு, நிற்கட்டும். காற்று கூடினால் அது நாலு விரலாகக் குறையட்டும். கன்னிங்ஹாமை முன்விளிம்பில் குறுக்குச் சுருக்கங்கள் மறையும் அளவுக்கு மட்டும் இழுங்கள். காற்று பின்னாலிருந்து வரும்போது மேல் பேட்டன் பூமுக்கு இணையாக நிற்கும்படி கிக்கரை வையுங்கள்.

கே: முதல் நாள் எவ்வளவு காற்றில் இறங்கலாம்?

ப: 5 முதல் 10 நாட் வரை, அதாவது மணிக்குச் சுமார் 9 முதல் 18.5 கிலோமீட்டர். அதற்குக் கீழே படகு பேச்சைக் கேட்காது. தண்ணீரில் அங்கங்கே வெள்ளை நுரை முகடுகள் தெரியத் தொடங்கினால் அது 10 நாட்டைத் தொடுகிறது, அன்று கரையில் இருந்து பாருங்கள். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 8 நாட் 12 ஆனால் வேகம் ஒன்றரை மடங்கு, பாய்மேல் விழும் விசையோ 2.25 மடங்கு. கொஞ்சம்தானே கூடியிருக்கிறது என்ற கணக்கு இங்கே செல்லாது.

வேகத்தைவிடத் திசை முக்கியம். கரையிலிருந்து தண்ணீரை நோக்கி வீசும் காற்றில் புதியவர்கள் இறங்கவே கூடாது. மரங்களும் கட்டிடங்களும் மறைப்பதால் கரையோரம் குளம் போல அமைதியாக இருக்கும். இருநூறு மீட்டர் போனதும் காற்று முழுப் பலத்தோடு பிடிக்கும், ஏதாவது உடைந்தால் படகு மேலும் மேலும் வெளியேதான் போகும். கரைக்குப் பக்கவாட்டில் வீசும் காற்று பழகுவதற்கு மிக நல்லது. போகவும் வரவும் ஒரே மாதிரி ஓட்டலாம்.

போட வேண்டியது மிதவை ஜாக்கெட். நீந்தத் தெரிந்து, உதவி அருகில் இருக்கும் இடத்தில் 50 நியூட்டன் மிதப்புவிசை போதும். பிள்ளைகளுக்கும், நீச்சலில் சந்தேகம் உள்ளவர்களுக்கும் முகத்தை மேலே திருப்பக்கூடிய 100 நியூட்டன் லைஃப் ஜாக்கெட். போட்டபின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், காதுக்கு மேல் ஏறினால் பெரிது.

கே: கவிழ்ந்தால் என்ன செய்ய வேண்டும்? இதை நினைத்துத்தான் பயம்.

ப: டிங்கி கவிழும். அதற்கென்றே செய்த படகு அது, மிதந்துகொண்டேதான் இருக்கும். எனவே முதல் விதி: படகை விட்டு நீந்திப் போகாதீர்கள், கரை எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும். இரண்டு பேர் இருந்தால் உடனே ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டால் கையைத் தலைக்கு மேலே நீட்டிப் பாயைத் தூக்குங்கள், காற்று இருக்கும். பாயின் ஒரு தையலைப் பிடித்துக்கொண்டே ஓரம் வரை வாருங்கள்.

பூமிலோ பாய்மரத்திலோ தொங்காதீர்கள். அந்தப் பாரமே படகைத் தலைகீழாக்கும். மெயின்ஷீட் க்ளீட்டில் மாட்டியிருந்தால் விடுவியுங்கள், கிக்கரையும் தளர்த்துங்கள். காற்றைப் பிடித்த பாயோடு படகை நிமிர்த்தினால் அது எழுந்ததும் ஓடிப்போகும். மெயின்ஷீட்டின் முனையைக் கையில் பிடித்தபடி பின்பக்கமாகச் சுற்றி அடிப்பாகத்துக்கு வாருங்கள். கயிறு கையில் இருக்கும்வரை படகு உங்களை விட்டுப் போகாது.

டாகர்போர்டை இரு கையாலும் பிடித்து, காலை ஹல்லின் விளிம்பில் ஊன்றிப் பின்னால் சாயுங்கள். எடை போதவில்லை என்றால் அதன்மேல் ஏறி நில்லுங்கள், ஹல்லை ஒட்டி நில்லுங்கள். முனையில் நின்றால் பலகை உடையும். பாய் தண்ணீரை விட்டு எழ நேரமாகும், அதன்மேல் கிடக்கும் தண்ணீர் வடிய வேண்டும். உதறாமல் ஒரே சீராக இழுத்துக்கொண்டிருங்கள்.

புதியவர்களைத் திரும்பத் திரும்பத் தோற்கடிப்பது இன்னொன்று: பாய்மரத்தின் நுனி காற்று வரும் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது. அந்த நிலையில் நிமிர்த்தினால் பாயின் அடியில் காற்று புகுந்து விருட்டென்று தூக்கி, படகை உங்கள் பக்கமே மறுபடி கவிழ்க்கும். அணியத்தைப் பிடித்து நீந்திப் படகைக் காற்றுக்கு நேராகத் திருப்பிவிட்டு அப்புறம் நிமிர்த்துங்கள்.

இரண்டு பேர் படகில் ஒருவர் டாகர்போர்டிலோ, சில படகுகளில் அதற்குப் பதில் இருக்கும் சென்டர்போர்டிலோ நிற்க, மற்றவர் காக்பிட்டுக்குள் கால் பட்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மல்லாந்து கிடக்க வேண்டும். படகு எழும்போது அவரையும் அள்ளிக்கொண்டு எழும். உள்ளே பாரம் இருப்பதால் மறுபடி கவிழவும் கவிழாது.

முதல் நாளே, ஓட்டக் கற்கும் முன்பே, காற்று இல்லாத நேரத்தில் உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, பாய்மரம் அடியில் குத்தாத ஆழத்தில் வேண்டுமென்றே நாலைந்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். அப்புறம் பயம் இருக்காது.

கே: ஓட்டி முடித்த பிறகு படகை எப்படி வைப்பது?

ப: கப்பிகள், சுக்கான் கொக்கி, பாய்மரக் குழி, மூன்றிலும் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு காய்ந்தால் கப்பி சுற்றாது, அலுமினியத்தில் ஸ்டீல் தொடும் இடங்கள் அரிக்கும். பாய்மரத் துண்டுகளை அன்றன்றே பிரியுங்கள். பாயை நிழலில் உலர்த்தி, மேலிருந்து கீழாகச் சுருட்டி வையுங்கள், மடிக்க வேண்டாம். வெயிலில் கொடிபோலப் பறக்க விட்டால் துணியும் தையலும் விரைவில் கெடும்.

வடிகால் திருகைக் கழற்றித் துளையைத் திறந்தே விடுங்கள். வெயிலில் ஹல்லுக்குள் இருக்கும் காற்று விரிந்து விளிம்பைப் பிளக்கப் பார்க்கும். கழற்றிய திருகைச் சுக்கானோடு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை திருகைத் தொடாமல் சுக்கானை மாட்டவே முடியாது.